நாற்பத்தெட்டாவது குமிழ்

என் கன்சோல்ல நாற்பத்தெட்டு குமிழ் இருக்கு. அதுல நாற்பத்தேழு வேலை செய்யும். நாற்பத்தெட்டாவதுதான் இத்தனை வருஷமா எனக்குச் சோறு போட்டுச்சு.

நான் ஒலிப்பதிவு இன்ஜினியர். விசிட்டிங் கார்டுல அப்படித்தான் போட்டிருக்கேன். கட்டடத்துச் சொந்தக்காரரைக் கேட்டா, "கீழ்த்தளத்துல ஒருத்தர் இருக்கார், கதவைச் சாத்திக்கிட்டு நாள் பூரா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டிருப்பார், பாவம்"னு சொல்வார். அவர் சொல்றதும் சரிதான். செருப்புக்கடை விளம்பரம், பல் டாக்டர் விளம்பரம், லிஃப்ட்டுக்குள்ள "கதவுகள் மூடுகின்றன"ன்னு வர்ற குரல், எல்லாம் என் ரூம்ல பிறந்ததுதான். பெரிய பெரிய கலைஞர்களோட வேலை செய்யணும்னுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இதுவரைக்கும் என் மைக் முன்னாடி நின்னதுலயே பெரிய ஆள், ஆறடி ரெண்டங்குலம் இருந்த ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி.

இந்தத் தொழில்ல சத்தத்தைக் கூடச் சமாளிச்சிடலாம், சோபாவைச் சமாளிக்க முடியாது. எல்லா ஸ்டுடியோலயும் இன்ஜினியர் நாற்காலிக்குப் பின்னாடி ஒரு சோபா இருக்கும். வாடிக்கையாளர் அதுல சாய்ஞ்சு, கண்ணை மூடி எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ ஒண்ணு குறையுதே"ம்பார். என்ன குறையுதுன்னு கேட்டா அவருக்கே தெரியாது. ஒருத்தர், "குரல் கொஞ்சம் மஞ்சளா இருக்கு, வெள்ளையாக்குங்க"ன்னார். அந்த மெத்தைக்காரர், "மெத்து மெத்துனும் இருக்கணும், மிரட்டலாவும் இருக்கணும்"னார். முதல் ரெண்டு வருஷம் நான் யோக்கியனா இருந்தேன். "சார், இதுல குறை ஒண்ணும் இல்லை"ன்னு நேராச் சொல்லிடுவேன். அவங்களும் நேரா வேற ஸ்டுடியோவுக்குப் போயிடுவாங்க.

அப்புறம் ஒருநாள் கன்சோலோட வலது ஓரத்துக் குமிழ் ஒண்ணு உள்ளுக்குள்ள கருகிப் போச்சு. வயரை வெட்டி எடுத்துட்டேன். குமிழையும் கழட்டினா ஓட்டை அசிங்கமாத் தெரியுமேன்னு அதை மட்டும் விட்டு வெச்சேன். அன்னிக்கு வந்த பல் டாக்டர் வழக்கம்போல "என்னமோ குறையுதே"ன்னு ஆரம்பிச்சார். எனக்குச் சுர்ருனு வந்துச்சு. "டாக்டர், இந்தக் குமிழை நீங்களே உங்க கையால திருப்பிப் பாருங்க. இதெல்லாம் உங்களை மாதிரி காது உள்ளவங்களுக்குத்தான் பிடிபடும்"னேன். அவர் நாக்கு நுனியைக் கடிச்சுக்கிட்டு மெதுவாத் திருப்பினார். ஆறு தாண்டி ஏழு வந்ததும் சோபாவே அதிர்ற மாதிரி துள்ளினார். "ஆங்! இதான்! இதைத்தானேய்யா ஒரு மணி நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

அன்னிக்குச் சாயங்காலமே அந்தக் குமிழுக்குக் கீழ ஒரு வெள்ளை டேப் ஒட்டி, "நயம்"னு எழுதினேன். அதுக்கப்புறம் என்கிட்ட வந்த ஒருத்தரும் குறையோட திரும்பிப் போனதில்லை.

என் சம்சாரத்துக்கு இது தெரியும். அவதான் என் ஸ்டுடியோவோட குரல். லிஃப்ட்ல பேசறது அவதான். டெலிபோன் கம்பெனிக்குப் போன் பண்ணினா, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்"னு சொல்றதும் அவதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னாடி நின்னுக்கிட்டு, யாராவது நயத்தைத் திருப்பறதைப் பார்த்தா தலையில அடிச்சுக்குவா.

"ஏங்க, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"ஏமாத்தா? போகும்போது அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தியா நீ?"

"எங்க அண்ணன் இப்படிச் செய்வாரா?"

எங்க வீட்டுல எந்தச் சண்டையும் மூணாவது வாக்கியத்துல அவ அண்ணன்கிட்ட வந்து நிக்கும். மச்சானுக்கும் இதே தொழில்தான். ரெண்டு தெரு தள்ளி ஸ்டுடியோ. தொழில்ல அவரைக் "காது"ன்னே கூப்பிடுவாங்க. பேச்சு ரொம்பக் கம்மி. சோபாவுல இருந்து "என்னமோ குறையுதே"ன்னு குரல் வந்தா, மச்சான் திரும்பிக்கூடப் பார்க்காம "குறையலை"ம்பார். அதோட முடிஞ்சுது. அதனால அவர்கிட்ட வர்றவங்க கொஞ்சம் பேர்தான், ஆனா வந்தவங்க வேற எங்கயும் போக மாட்டாங்க. அந்தச் சமயம் அவர் பார்வையில்லாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் பாடப் புத்தகத்தைக் குரல்ல பதிவு பண்ணிக்கிட்டிருந்தார். மொத்தம் நாற்பது பாடம், படிக்கறது என் சம்சாரம். பள்ளிக்கூடம் திறக்கற அன்னிக்குப் பிள்ளைங்க கையில இருக்கணும்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆணையம் வந்துச்சு.

முழுப் பேர் ஒலித் தர உறுதி ஆணையம். நாட்டுல ஒலி தாறுமாறா இருக்குன்னு மேலிடத்துல யாரோ சொன்னாங்களாம். சொன்னவரோட பக்கத்து வீட்டுல யாரோ சுவர்ல துளை போட்டுக்கிட்டிருந்தாங்கன்னு பேச்சு. உடனே மூணு மாடிக் கட்டடம், ஒரு தலைவர், ஒரு செயலர், ஒரு தொழில்நுட்ப உறுப்பினர், அவங்க மூணு பேருக்கும் தனித்தனி லிஃப்ட். தலைவர் அதுக்கு முன்னாடி கடைத் தராசுக்கெல்லாம் முத்திரை குத்தற துறைல பெரிய அதிகாரியா இருந்தவர். எல்லா ஸ்டுடியோவையும் சோதிச்சுச் சான்றிதழ் கொடுப்பாங்க, தேறாத ஸ்டுடியோவுக்குச் சீல்னு அறிவிப்பு வந்துச்சு.

முதல் சோதனை என் ஸ்டுடியோ. அகர வரிசைப்படியாம்.

மூணு பேரும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாங்க. நான் கழட்டச் சொல்லலை. தலைவர் என் சோபாவுல உக்காந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு, நாங்க நாலு பேர் மட்டும் இருந்த ரூம்ல மேடைப் பேச்சு பேசினார். "எடைக் கல்லுக்கு முத்திரை உண்டு. படிக்கு முத்திரை உண்டு. பாட்டுக்கு மட்டும் ஏன் இல்லை? இதுநாள் வரை ஒவ்வொருவரும் தன் சொந்தக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பமான காலம் முடிந்துவிட்டது." மத்த ரெண்டு பேரும் கைதட்டினாங்க. எதுக்கு வம்புன்னு நானும் தட்டினேன்.

தொழில்நுட்ப உறுப்பினர் கையில ஒரு அளவு நாடா வெச்சிருந்தார். சோபாவை அளந்தார், கதவை அளந்தார், என்னையும் ஒரு பார்வை அளந்தார். அப்புறம் ரூம் நடுவுல நின்னு கையைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த அறையில் எதிரொலி எங்கே?"

"இருக்காது சார். அதுக்குத்தான் சுவர் பூரா பஞ்சு அடிச்சிருக்கேன்."

"முன்பு இருந்ததா?"

"இருந்துச்சு சார், காலி ரூமா இருந்தப்போ."

"அகற்றுவதற்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?"

செயலர், "எதிரொலி: அனுமதியின்றி அகற்றப்பட்டுள்ளது"ன்னு எழுதிக்கிட்டார்.

அடுத்தது குமிழ். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு சொல்லணும், செயலர் எழுதணும். நாற்பத்தேழு வரைக்கும் ஒழுங்காச் சொல்லிட்டேன். நாற்பத்தெட்டுல தொழில்நுட்ப உறுப்பினரோட விரல் வந்து நின்னுச்சு. என் கண்ணு சுவர்ல ஒட்டியிருந்த அவங்க விதிமுறைக்குப் போச்சு. விதி ஒன்பது: பயனற்ற கருவியைக் காட்டி வாடிக்கையாளரை ஏமாற்றும் நிலையம் உடனடியாக மூடப்படும்.

"இது நயம் சார்"னேன்.

"நயமா?"

"ஆமா சார். சத்தத்துக்கு நயம் சேர்க்கும். ஆனா..." இங்கதான் என் வாய் இருக்கே, அது சும்மா இருக்காது. "ஆனா எல்லாருக்கும் கேக்காது சார். நல்ல காது இருக்கறவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."

தலைவர் எழுந்து வந்தார். என் சம்சாரத்தோட "கதவுகள் மூடுகின்றன"வை ஓட விட்டேன். அவர் கண்ணை மூடிக்கிட்டு நயத்தைத் திருப்பினார். மூணு, நாலு, அஞ்சு. ஏழு வந்ததும் அவர் முகம் மலர்ந்துச்சு.

"அடடா," ன்னார். "கதவு மூடுவதே கண் முன்னால் தெரிகிறதே!"

அடுத்து செயலர் திருப்பினார். "எனக்கும் தெரிகிறது ஐயா. ஆனால் தங்களுக்குத் தெரிந்த அளவில் முக்கால் பாகம்தான்." தொழில்நுட்ப உறுப்பினர் திருப்பிட்டு, பதவி வரிசையை மனசுல கணக்குப் போட்டு, "எனக்கு அரைப் பாகம் கேட்டது ஐயா"ன்னார். தலைவருக்கு ரொம்பத் திருப்தி. எதிரொலி விவகாரத்தை அங்கயே மன்னிச்சுட்டார்.

ஒரு வாரத்துல ஆணையத்தோட முதல் சான்றிதழ் என் பேருக்கு வந்துச்சு. கூடவே ஒரு பித்தளைப் பலகை: சிறப்பு ஆலோசகர். அதுக்கும் பின்னாடியே ஒரு சுற்றறிக்கை. எல்லா ஒலிப்பதிவு நிலையங்களும் முப்பது நாளுக்குள்ள நயக் குமிழ் பொருத்தணும், ஏழுல வெக்கணும், சோதனைக்கு வரும்போது நிலையத்தார் அதைத் திருப்பி, வித்தியாசம் கேட்டதுன்னு எழுதிக் கொடுக்கணும். கேக்காதவங்க ஸ்டுடியோவுக்குச் சீல்.

"அது எதோடயும் சேராத குமிழ்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"ன்னு என் சம்சாரம் கேட்டா.

"அவங்க கேக்கலையே."

"அப்ப நீங்களாச் சொல்லணும்."

"சொல்லலாம். சொன்னா ஸ்டுடியோவைச் சாத்திடுவாங்க. பித்தளைப் பலகையை வேற வாங்கிட்டுப் போயிடுவாங்க."

உண்மையைச் சொல்றதுன்னா, அந்தப் பலகை எனக்குப் பிடிச்சுப் போச்சு. தினமும் எலுமிச்சைச் சாறு போட்டுத் துடைச்சேன். மத்த ஸ்டுடியோக்காரங்க நயம் பொருத்தறது எப்படின்னு கத்துக்க என்கிட்ட வந்தாங்க. எதோடயும் சேராத ஒண்ணை எப்படிப் பொருத்தறதுன்னு நான் ரெண்டு நாள் வகுப்பு எடுத்தேன். வந்தவங்கள்ல பாதிப் பேர் ஸ்டுடியோல ஏற்கெனவே இதே மாதிரி ஒரு குமிழ் இருந்துச்சு, வேற பேர்ல. ஆனா ஒருத்தரும் வாயைத் திறக்கலை. எல்லாரும் நோட்டுப் புத்தகம் வெச்சுக்கிட்டு முகத்தைச் சீரியஸா வெச்சுக் குறிப்பெடுத்தாங்க. நானும் சிரிக்காம பாடம் நடத்தினேன்.

ஆணையத்துல நோட்டீஸ் எதுக்கும் ஆலோசகர் கையெழுத்து வேணுமாம். ஒவ்வொரு தடவையும் மூணு மாடி ஏறணுமேன்னு, செயலர் நீட்டின பன்னிரண்டு காலி நோட்டீஸ்ல மொத்தமாக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். பேனா கூட அவங்க பேனாதான், நல்லா எழுதுச்சு.

அதுல முதல் நோட்டீஸ் மச்சான் ஸ்டுடியோ கதவுல ஒட்டப்பட்டுச்சு.

நடந்தது இதுதான். முப்பது நாள் கெடு முடிஞ்சதும் மூணு பேரும் போயிருக்காங்க. நயக் குமிழ் எங்கன்னு கேட்டிருக்காங்க. மச்சான், "இல்லை"ன்னிருக்கார். ஏன்னு கேட்டதுக்கு, "அது ஒண்ணும் செய்யாது"ன்னிருக்கார். அவ்வளவுதான், மொத்தமே நாலஞ்சு வார்த்தை. அதுக்கு நாற்பது நிமிஷம் பதில் சொல்லிட்டு, சீல் வெச்சுட்டுப் போயிட்டாங்க. முப்பத்தெட்டு பாடம் பதிவானது உள்ளயே மாட்டிக்கிச்சு. மிச்சம் ரெண்டு பாடம் படிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் திறக்க மூணு வாரம் இருந்துச்சு.

அன்னிக்கு என் சம்சாரம் நோட்டீஸ்ல கீழ இருந்த கையெழுத்தைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்தா. சத்தம் போடுவான்னு எதிர்பார்த்தேன். போடலை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னா. "எங்க அண்ணன் ஸ்டுடியோ திறக்கற வரைக்கும் நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன். ஆகலை. சாப்பாடு மேஜைல இருக்கும், அவ இருக்க மாட்டா. நான் ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சா அவ அடுத்த ரூமுக்குப் போயிடுவா. பத்தாவது நாள் என்னால தாங்க முடியலை. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், டெலிபோன் கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"னு சொன்னா. இருபது நிமிஷம் கேட்டுக்கிட்டே இருந்தேன். நடுவுல யாரோ ஒருத்தன் லைன்ல வந்து "என்ன உதவி வேணும் சார்"னு கேட்டான், எரிச்சலா வந்துச்சு, வெச்சுட்டு மறுபடியும் போட்டேன்.

மச்சானைப் போய்ப் பார்த்தேன். சீல் வெச்ச கதவுக்கு வெளிய படியில உக்காந்திருந்தார்.

"மச்சான், ஒரே ஒரு தடவை கேக்குதுன்னு சொல்லிடுங்களேன். உங்க காலைப் பிடிச்சுக்கறேன். பிள்ளைங்க பாடத்துக்காகவாவது."

"கேக்காததை எப்படி மாப்ளே கேக்குதுன்றது?"

"நான் சொல்லலையா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுக்கு அவர் நாலு திட்டு திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

மறுநாள் ஆணையத்துக்குப் போனேன். தலைவர் தன்னோட லிஃப்ட்டுக்குள்ள நின்னுக்கிட்டிருந்தார். உள்ள என் சம்சாரம், "கதவுகள் மூடுகின்றன"ன்னா. நான் காலை நடுவுல விட்டு நிறுத்தி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டேன். "ஐயா, அந்த நயம் பொய். அதுக்கு வயரே இல்லை. நான்தான் வெட்டினேன்."

அவர் கோபப்படவே இல்லை. என் தோள்ல கையைப் போட்டார். "நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பாருங்கள், சுற்றறிக்கைக்கு முன்னால் வந்தால் அது உண்மை. சுற்றறிக்கைக்குப் பின்னால் வந்தால் அது காலதாமதம். காலதாமதமாக வரும் உண்மையைப் பெற்றுக்கொள்ள எங்களிடம் பதிவேடு இல்லை. இருந்தாலும் நீங்கள் ஆலோசகர். மேல்முறையீட்டு விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாருங்கள்." என் காலை நானே எடுத்துக்கிட்டேன். கதவு மூடிச்சு.

பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்குது. விசாரணை வெள்ளிக்கிழமை. நானும் மச்சானும் ஒரே ஆட்டோவுல போனோம். நான் வழி பூரா பேசினேன். அவர் வழி பூரா வெளிய பார்த்துக்கிட்டு வந்தார்.

விசாரணை மண்டபத்துல ஒரு பெரிய மேஜை. நடுவுல வழவழன்னு மெருகேத்தின ஒரு மரப் பெட்டி, அதுக்கு மேல ஒரே ஒரு குமிழ். ஆணையம் தனக்குன்னு செய்ய வெச்ச மாதிரி நயக் குமிழாம். பக்கத்துல ஒரு ஸ்பீக்கர். தலைவர் நடுவுல உக்காந்து பேனாப் பொத்தானை டிக் டிக்குனு அழுத்திக்கிட்டிருந்தார். செயலர் காகிதத்தைச் சரசரன்னு புரட்டிக்கிட்டிருந்தார். தொழில்நுட்ப உறுப்பினருக்கு ஜலதோஷம், மூக்குல ஒரு விசில்.

முதல்ல என்னைக் கூப்பிட்டாங்க. பையில இருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, அந்தப் பெட்டியோட நாலு திருகையும் கழட்டி, மூடியைத் தூக்கிக் காட்டினேன். உள்ள ஒரு மண்ணும் இல்லை. ஈரம் உறிஞ்சற குட்டிப் பொட்டலம் ஒண்ணு கிடந்துச்சு, "உண்ணத் தக்கதல்ல"ன்னு எழுதியிருந்துச்சு.

"பாருங்க ஐயா. ஒரு வயர் கூட இல்லை. ஸ்பீக்கருக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

மூணு பேரும் எட்டிப் பார்த்தாங்க. சரி, முடிஞ்சுதுடா, என் ஸ்டுடியோவும் போச்சு, ஆனா மச்சான் ஸ்டுடியோ திறந்துடும்னு நினைச்சேன்.

தொழில்நுட்ப உறுப்பினர் நிமிர்ந்து உக்காந்தார். "ஐயா, இது வயர் இல்லாத் தொழில்நுட்பம்."

"அப்படியா!" ன்னார் தலைவர்.

"ஆம் ஐயா. வயர் இல்லாமலே இவ்வளவு நயம் கொடுக்கிறது என்றால், நாம் நினைத்ததைவிட முன்னேறிய கருவி."

செயலர் அதைக் குறிச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆலோசகர் இதன் பெருமையை நிரூபித்துக் காட்டியதற்கு ஆணையம் நன்றி கூறுகிறது. ஒரு சம்பிரதாயத்துக்காகக் கேட்கிறோம். குமிழைத் திருப்பினால் வித்தியாசம் கேட்கிறதா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று."

வாழ்க்கையில முதல் தடவையா எனக்கு ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு. "இல்லை"ன்னேன். செயலர் கட்டத்துல குறி போட்டார்.

அடுத்தது மச்சான். ஸ்பீக்கர்ல என் சம்சாரத்தோட குரலை ஓட விட்டாங்க. மச்சான் மேஜைகிட்ட வந்து, கண்ணை மூடிக்கிட்டு, குமிழ் மேல கையை வெச்சார். மெதுவாத் திருப்பினார். ஏழு வந்ததும் நிறுத்தினார். திரும்பவும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டு போனார். மறுபடியும் ஏழு. எனக்கு அவரைத் தெரியும். "ஒண்ணும் இல்லை"ம்பார், கதை முடிஞ்சுது, நாளன்னிக்கு மறுநாள் அந்தப் பிள்ளைங்க வெறும் கையோட வகுப்புல உக்காந்திருக்கும்னு நினைச்சு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

"கேக்குது"ன்னார் மச்சான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன கேட்கிறது?" தலைவர் முன்னாடி சாய்ஞ்சார்.

"திருப்பும்போது உங்க பேனா டிக் டிக்குங்கறது நின்னுடுது. இவர் பேப்பர் புரட்டறதை நிறுத்திடறார். அவர் மூச்சைப் பிடிச்சுக்கறார், மூக்கு விசில் இல்லை. அந்தக் கடைசி ஜன்னல்கிட்ட ஒரு காவலாளி நாற்காலியை ஆட்டிக்கிட்டிருந்தார், அவரும் நிறுத்திட்டார். எல்லாரும் வாயை மூடிக்கிட்டு கவனிக்கறாங்க. ரூம் சுத்தமாயிடுது. குரல் தெளிவாக் கேக்குது." அவர் வாழ்க்கையில அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதில்லை. "இத்தனை நாள் தெரியாமப் போச்சு. ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னது என் தப்புதான்."

தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் படிவத்தைப் பார்த்தார். படிவத்துல மூக்கு விசிலுக்குக் கட்டம் இல்லை. ஆம், இல்லை, ரெண்டுதான். "ஆம்"ல குறி விழுந்துச்சு. மச்சான் ஸ்டுடியோ சீலை அன்னிக்கே எடுக்க உத்தரவு.

நான் அங்கயே நாற்காலில உக்காந்துட்டேன். பதினஞ்சு வருஷமா அந்தக் குமிழை வெச்சு ஊரை ஏமாத்தறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அது எப்படி வேலை செய்யுதுன்னு இந்த மனுஷன் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டார். எனக்கு ஏன் தெரியலைன்னா, வாடிக்கையாளர் திருப்பும்போதெல்லாம் நான், "ஆமா சார், அப்படித்தான் சார், இன்னும் கொஞ்சம் சார், உங்க காதே காது சார்"னு பக்கத்துல நின்னு தொணதொணத்துக்கிட்டே இருந்திருக்கேன். அந்த ரூம்ல வாயை மூடாத ஒரே ஆள் நான்தான்.

எழுந்து கிளம்பப் பார்த்தேன். செயலர், "ஆலோசகர் சற்று இருக்கவும்"னார்.

"உங்கள் பதில் 'இல்லை' என்று பதிவாகியுள்ளது. சீல் வைக்கப்பட்ட நிலையத்தாருக்கே கேட்டிருக்கிறது. காவலாளிக்குக்கூடக் கேட்டிருக்கிறது. விதி பதினான்கின்படி, வித்தியாசத்தைக் கேட்க இயலாதவர் ஒலிப்பதிவு நிலையம் நடத்தத் தகுதியற்றவர்." என் ஸ்டுடியோவுக்கு முப்பது நாள் சீல், அதுக்கப்புறம் காதுக்கு மறுதேர்வு. நோட்டீஸை அங்கயே கொடுத்துட்டாங்க. கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாம, ஆலோசகர் கையெழுத்து முன்னாடியே அதுல இருந்துச்சு.

தலைவர் போகும்போது என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். "மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் ஆரம்பத்தில் கேட்கவில்லை. பதவிக்கு வந்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தது."

மச்சான் ஸ்டுடியோவுக்கு நாங்க வந்து சேர்ந்தப்போ மத்தியானம் மணி மூணு. என் சம்சாரம் வாசல்ல பாடப் புத்தகத்தை மார்போட அணைச்சுக்கிட்டு நின்னா. மச்சான் சீல் மெழுகை நகத்தால பேர்த்தெடுத்துட்டு உள்ள போய் மெஷினைப் போட்டார். மிச்சம் ரெண்டு பாடம்தான், சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும், திங்கட்கிழமை பிள்ளைங்க கையில இருக்கும். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பதினாறு நாளா மனசுல அடுக்கி வெச்சிருந்த மன்னிப்பை எல்லாம் சொல்லிடலாம்னு அவகிட்டப் போனேன். அவ என் கையில இருந்த நோட்டீஸை வாங்கி, மேல இருந்து கீழ வரைக்கும் நிதானமாப் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"உங்களுக்குக் காது கேக்கலைன்னு முத்திரை குத்திக் கொடுத்துட்டாங்களா?" ன்னா. அவ உதடு துடிச்சுது, அழப் போறான்னு நினைச்சேன். "பதினெட்டு வருஷமா நானும் இதைத்தானேங்க சொல்லிக்கிட்டிருக்கேன்!"

சொல்லிட்டு, பாடப் புத்தகத்தால வாயைப் பொத்திக்கிட்டுச் சுவர்ல சாய்ஞ்சு சிரிக்க ஆரம்பிச்சா. உள்ள இருந்து மச்சான், "மைக் சோதிக்கறேன், வெளிய சத்தம் போடாதீங்க"ன்னார். அவளால நிறுத்த முடியலை. நான் வாயைத் திறக்காம நின்னு முழுசாக் கேட்டேன்.